பொலேரோவைக் கும்பியா ஆக்கி வெளியிடுவது எப்படி: காகிதம், காசு, காலம்

2025 பிப்ரவரி 14 அன்று வந்திருக்க வேண்டிய எங்கள் பாட்டு மார்ச் 7 அன்றுதான் வந்தது. காதலர் தினத்துக்கென்றே எடுத்த பாட்டு. மூன்று வாரம் கழித்து வந்தபோது, கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் நாதஸ்வரம் வந்து சேர்ந்த கதையாகிவிட்டது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கும்பியா என்ற கொலம்பிய ஆட்ட இசையை வாசிக்கும் ஒரு குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் கணினி வேலை, சனிக்கிழமை இரவில் ஜாக்சன் ஹைட்ஸில் வாசிப்பு. குழுவில் மற்ற எல்லோரும் கொலம்பியாக்காரர்கள் அல்லது மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலப் படிவங்களை நிரப்பத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் காகித வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. அதில் நான் பட்டதை எழுதுகிறேன். பழைய பொலேரோ (லத்தீன் அமெரிக்காவின் மெதுவான காதல் பாட்டு) ஒன்றைக் கும்பியாவாகவோ சால்சாவாகவோ மாற்றி, அமெரிக்காவிலிருந்து முறைப்படி வெளியிட நினைப்பவர்களுக்கு இது. நான் வக்கீல் இல்லை. பெரிய பணம் புரளும் வேலையென்றால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

1. பாட்டு யாருடையது என்று பாருங்கள்

"பழைய பாட்டுதானே, எல்லோரும் பாடுகிறார்களே" என்பதுதான் முதல் பொறி. எல்லோரும் பாடுவதால் ஒரு பாட்டு ஊர்ப்பொதுச் சொத்தாகிவிடாது. பொலேரோவில் புகழ்பெற்றவை பெரும்பாலும் 1930களுக்கும் 1950களுக்கும் இடையில் வந்தவை. 'பெர்ஃபிதியா' 1939, 'கொன்திகோ என் லா திஸ்தான்சியா' 1946, 'சபோர் அ மி' 1959. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பாடல்களுக்கு, உரிமையைப் புதுப்பித்திருந்தால், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு பாதுகாப்பு. ஆகவே எல்லாமே இன்னும் யாரோ ஒருவரின் கையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நாங்கள் எடுத்தது மெக்சிகோவின் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் எழுதிய 'பேசமே முச்சோ'. (அம்மாவிடம் தொலைபேசியில் பெயரைச் சொன்னபோது, "என்னடா, பேசாம மூச்சு விடச் சொல்றானா?" என்று கேட்டார். 'என்னை நிறைய முத்தமிடு' என்று அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) வெலாஸ்கெஸ் இறந்தது 2005இல். மெக்சிகோவில் உரிமை ஆசிரியர் இறந்து 100 ஆண்டு வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு. ஆக ஒரே பாட்டு ஒரு நாட்டில் சும்மா கிடைக்கும், இன்னொரு நாட்டில் கிடைக்காது என்ற நிலை வரலாம். நீங்கள் விற்கப்போகும் இடத்தின் கணக்குதான் செல்லும்.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு, இரண்டும் இலவசம். ஒன்று, பாட்டு எழுதியவர்களுக்காகப் பணம் வசூலிக்கும் அஸ்காப், பிஎம்ஐ ஆகிய இரண்டு சங்கங்களும் சேர்ந்து தொடங்கிய சாங்வியூ தரவுதளம். மற்றது மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ், சுருக்கமாக எம்எல்சி, அதன் பொதுத் தேடல் பக்கம். பாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் திணறிவிடுவீர்கள். ஒரே தலைப்பில் வேறு வேறு பாடல்கள், பிறர் செய்த அரேஞ்ச்மென்ட்கள் (அதே பாட்டின் மாற்றியமைத்த இசை வடிவங்கள்), பெயர் தப்பாக ஏறிய பதிவுகள் என்று வரிசையாக வந்து நிற்கும். இயற்றியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்ததும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: இயற்றியவரின் முழுப்பெயர், பதிப்பாளர் (பாட்டின் உரிமையைக் கையாளும் நிறுவனம்), ஐஎஸ்டபிள்யூசி என்ற பாட்டின் அடையாள எண். இந்த மூன்றும் கடைசிவரை தேவைப்படும்.

எந்த மொழி வரிகளைப் பாடப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்தப் பாட்டின் ஆங்கில வரிகளை எழுதியவர் சன்னி ஸ்கைலர். அவற்றைப் பாடினால் அவர் பெயரும் சேர வேண்டும். ஸ்பானிஷில் மட்டும் பாடினால் வெலாஸ்கெஸ் மட்டுமே.

2. தாளத்தை மாற்றலாம், மெட்டையும் சொல்லையும் தொடாதீர்கள்

இந்தப் படியை மட்டும் நிறுத்திப் படியுங்கள். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு ஒரு கட்டாய உரிமம் தருகிறது. ஒரு பாட்டு உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருமுறை பதிவாகி அமெரிக்காவில் வெளிவந்துவிட்டால், அதன்பின் யாரும் அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது. சட்டம் சொன்ன தொகையைக் கட்டினால் போதும். உங்கள் பாணிக்கு ஏற்ப அரேஞ்ச்மென்டை மாற்றிக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒரு கோடு போட்டிருக்கிறது: பாட்டின் அடிப்படை மெட்டையும் ஆதார குணத்தையும் மாற்றக்கூடாது.

பொலேரோவைக் கும்பியா ஆக்குவது கோட்டுக்கு இந்தப் பக்கம் வசதியாகவே அமர்கிறது. பேஸ் வாசிப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பொலேரோவில் பேஸ் வழக்கமாக முதல் அடியில் விழுந்து நிற்கும், பிறகு மூன்றிலும் நான்கிலும் விழும். கும்பியாவிலும் அதே இடங்கள்தான்! முதல் ஒத்திகையில் என் விரல்கள் செய்ததில் பெரிய மாற்றமே இல்லை. மாறியது வேகமும் தாளக்கருவிகளும். மராக்காஸ் மெதுவாகத் தூவிக்கொண்டிருந்த இடத்தில் குயிரோ வந்து 'ச்ச்சீ-க்கி-சிக், ச்ச்சீ-க்கி-சிக்' என்று சுரண்டத் தொடங்கியதும் அறையில் இருந்த அத்தனை பேரின் தோளும் தானாக ஆடியது.

சிக்கல் பாடகருக்கு. பொலேரோவில் இழுத்துப் பாடும் சொற்களைக் கும்பியா வேகத்தில் அப்படியே பாடினால் மூச்சு முட்டும். ஒவ்வொரு வரியையும் இரண்டு மடங்கு தாளச் சுற்றுக்கு நீட்டிப் போடுங்கள். கீழே தாளம் ஓடும், மேலே பாட்டு நிதானமாக நடக்கும். ஸ்வரம் எதுவும் மாறாது. கேட்க நன்றாக இருப்பதும் இதுதான், சட்டத்துக்குப் பொருந்துவதும் இதுதான்.

இனி நாங்கள் செய்த தப்பு. ஆட்டப்பாட்டு என்றால் நடுவில் ஒரு 'கோரோ' வேண்டும். குழுவாகத் திரும்பத் திரும்பப் பாடும் வரி. எங்கள் டிம்பாலெஸ் (ஒரு வகை முரசு) கலைஞர் ஸ்பானிஷில் இரண்டு வரி எழுதிவிட்டார். 'ரூஸ்வெல்ட் அவென்யூ ஆடுது, ஏழாம் ரயிலும் பாடுது' என்கிற மாதிரி. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். பதிவும் செய்துவிட்டோம். அப்புறம்தான் தெரிந்தது, புது வரிகளைக் கட்டாய உரிமத்தின் கீழ் சேர்க்க வழியில்லை என்பது. சொல்லைச் சேர்த்தாலோ மொழிபெயர்த்தாலோ அது வேறொரு படைப்பு. பதிப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம், எவ்வளவு காலம் எடுப்பார் என்பதற்கும் வரையறை இல்லை. ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போய், அந்த இடத்தில் மூலப்பாட்டின் தலைப்புச் சொற்களையே கோரோவாகப் பாடிப் பதிந்தோம். கூடுதல் செலவு மூன்று மணி நேரம், 180 டாலர். ரூஸ்வெல்ட் அவென்யூ வரி இப்போது மேடையில் மட்டும் வாழ்கிறது.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோனிதேரோ, அதாவது டிஜே, ஊருக்கும் உறவுக்கும் வணக்கம் சொல்லும் பழக்கம் மெக்சிகோக் கும்பியாவில் உண்டு. அந்த 'சலூதோ'க்களையும் பதிவில் சேர்க்காதீர்கள் என்பது என் கட்சி. ஆடும் கூட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்வதில்தான் அதற்கு ருசி.

தமிழ் வரி போட்டுப் பாடலாமே என்று நண்பர்கள் நிச்சயம் கேட்பார்கள். என்னிடம் மூன்று பேர் கேட்டார்கள். அதற்கும் மேலே சொன்ன அதே அனுமதி வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு விநாடி வெட்டி ஒட்டினாலும் அது வேறு உரிமை, அந்த ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். அதேபோல், ஏற்கெனவே யாரோ செய்த கும்பியா வடிவத்தைக் கேட்டு, அதன் ட்ரம்பெட் தொடக்கத்தை அச்சு அசலாக வாசிக்காதீர்கள். அந்தத் தொடக்கம் வெலாஸ்கெஸ் எழுதியதல்ல. உங்கள் தொடக்கத்தை நீங்களே செய்யுங்கள்.

3. ஐந்து நிமிடம் என்ற எல்லை

சிடி, இசைத்தட்டு போன்றவற்றுக்குச் சட்டப்படியான தொகை 2025இல் ஒரு பிரதிக்கு 12.7 சென்ட். இது ஐந்து நிமிடம் வரை. தாண்டினால் நிமிடத்துக்கு 2.45 சென்ட், மிச்ச விநாடிகள் முழு நிமிடமாகக் கணக்காகும். 5 நிமிடம் 20 விநாடி என்றால் ஆறு நிமிடம், 14.7 சென்ட். 300 பிரதிக்கு 38 டாலர் 10 சென்ட் என்பது 44 டாலர் 10 சென்ட் ஆகிறது. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் படிவத்தில் நீளத்தைக் குறைத்துப் போட்டுவிட்டால் பிறகு திருத்துவது தலைவலி, ஆகவே இறுதி மிக்ஸிங் முடிந்தபின் அளந்து எழுதுங்கள். தொகை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப மாறும். நீங்கள் விற்கும் ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

4. வாசிப்பவர்களிடம் முதலிலேயே கையெழுத்து வாங்குங்கள்

பதிவு அறையில் எல்லோரும் நண்பர்கள். பாட்டு ஓடிவிட்டால் நிலைமை வேறு. ஒரு பக்கத்தில் எளிய ஒப்பந்தம் போதும்: பெயர், வாசித்த கருவி, கொடுத்த தொகை, ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு, எத்தனை பங்கு. வெளியிலிருந்து கூப்பிட்ட இருவருக்கு நாங்கள் தலா 150 டாலர் கொடுத்தோம், பங்கு இல்லை. குழுவில் ஐந்து பேருக்கும் சமபங்கு.

இந்தத் தாளில் 'ஒலிப்பதிவு' என்று தெளிவாக எழுதுங்கள். 'பாட்டு' என்று எழுதாதீர்கள். பாட்டில் உங்களுக்குப் பங்கு எதுவும் இல்லை, எவ்வளவு அழகாக அரேஞ்ச் செய்திருந்தாலும். பதிப்பாளர் சம்மதிக்காமல் உங்கள் அரேஞ்ச்மென்டுக்குத் தனி உரிமை கோர முடியாது என்றும் 115ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் குழுவில் இதை ஏற்கவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. எம்பனாதா இரண்டு தட்டு காலி.

5. எதில் வெளியிடுகிறீர்களோ அதற்கேற்ற உரிமம்

ஸ்ட்ரீமிங்: 2021 ஜனவரி முதல் அமெரிக்காவில் பெரிய சேவைகள் பாட்டுக்கான தொகையை மொத்த உரிமத்தின் கீழ் எம்எல்சிக்குக் கட்டுகின்றன, எம்எல்சி பதிப்பாளருக்குக் கொடுக்கிறது. நீங்கள் தனியே எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் (உங்கள் பதிவை ஸ்ட்ரீமிங் சேவைகளுக்குக் கொண்டு சேர்ப்பவர்கள்) கவர் பாட்டு, அதாவது பிறர் பாட்டைப் புதிதாகப் பாடியது என்றதும் ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் கேட்கிறார்கள். எதற்கு, எந்த நாட்டுக்கு என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். உங்கள் சொந்த இணையதளத்தில் எம்பி3 ஆக விற்றால் மட்டும் உரிமம் உங்கள் பொறுப்பு.

சிடி: இதற்கு இன்னும் தனி உரிமம் வேண்டும். சட்டப்படி நீங்களே பதிப்பாளருக்கு அறிவிப்பு அனுப்பலாம், கட்டணம் இல்லை. ஆனால் பிரதி எடுத்து 30 நாளுக்குள், அதுவும் விநியோகத்துக்கு முன் அறிவிப்பு போயிருக்க வேண்டும். பிறகு மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் கணக்கும் பணமும் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கணக்கைத் தணிக்கையாளர் சான்றளிக்க வேண்டும். 300 சிடிக்கு இந்தக் கூத்து வேண்டாம். ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் சாங்ஃபைல் சேவையில் 25 முதல் 2,500 பிரதி வரை இணையத்திலேயே வாங்கலாம். ராயல்டியை முன்னதாகவே கட்டிவிடுவீர்கள், அதோடு ஒரு கையாளும் கட்டணம். எங்களுக்கு அது இருபது டாலருக்குள் முடிந்தது. உரிமக் கடிதத்தை அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் சிடியில் கை வைத்தார்கள். கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் அச்சகமே நல்ல அச்சகம்.

வீடியோ: கட்டாய உரிமம் ஒலிக்கு மட்டும்தான். படத்தோடு சேர்த்தால் 'சிங்க்' உரிமம் வேண்டும், அதற்குச் சட்டம் வைத்த விலை இல்லை, பேரம்தான். யூடியூபில் நீங்கள் வாசிக்கும் வீடியோவைப் போட்டால் பெரும்பாலும் பாட்டைத் தானாக அடையாளம் காணும் அவர்களின் கண்டெண்ட் ஐடி அதைப் பிடிக்கும், விளம்பர வருமானம் பதிப்பாளருக்குப் போகும், வீடியோ இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு குறும்படத்திலோ விளம்பரத்திலோ பயன்படுத்த யாராவது கேட்டால், சிங்க் இல்லாமல் தலையாட்டாதீர்கள்.

மேடை: விடுதியோ அரங்கமோ அஸ்காப், பிஎம்ஐ போன்றவற்றிடம் உரிமம் வைத்திருக்கும். குழு தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

இவை எல்லாம் அமெரிக்கக் கணக்கு. சென்னையிலிருந்து செய்பவர்கள் இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். இந்தியச் சட்டத்தின் 31சி பிரிவில் கவர் பதிவுக்கு வேறு விதிகள். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி என்ற நிபந்தனை அதில் உண்டு. சிறு குழுவுக்கு அந்த வழி கட்டுப்படியாகாது, பதிப்பாளரிடம் நேரே பேசுவதே மேல்.

6. பதிவேற்றும் படிவத்தில் கவனம்

பிப்ரவரி 14ஐ நாங்கள் தவறவிட்டது இங்கே. டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் 'பாடலாசிரியர்' என்ற கட்டத்தில், எங்கள் பாடகி நல்ல மனசோடு அரேஞ்ச்மென்ட் செய்தவரின் பெயரைப் போட்டுவிட்டார். 'சொந்தப் பாட்டு' என்ற கட்டத்திலும் டிக். அவர்கள் நிறுத்திவைத்தார்கள். ஏன் என்று சொல்ல 11 நாள். திருத்தி அனுப்பியபின் மறுபடி வரிசையில் கடைசி.

நீங்கள் செய்ய வேண்டியது: 'கவர்' என்று குறியுங்கள். இயற்றியவர் பெயரைத் தரவுதளத்தில் இருப்பதுபோல், ஸ்பானிஷ் எழுத்துக்குறிகளோடு போடுங்கள். மொழி ஸ்பானிஷ். அரேஞ்சர் பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தால் அதில் மட்டும். தலைப்போடு முன்பு பாடிப் புகழ்பெற்றவர்களின் பெயரைச் சேர்த்துத் தேடலில் மாட்டவைக்கும் தந்திரம் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைப்புக்குப் பின் 'கும்பியா' என்று போட்டோம், அதற்குத் தடை சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்கான ஐஎஸ்ஆர்சி, வெளியீட்டுக்கான யுபிசி ஆகிய அடையாள எண்களை டிஸ்ட்ரிபியூட்டரே தருவார், தனியே காசு கொடுத்து வாங்காதீர்கள்.

7. நாள் கணக்கு

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதிவேற்றம் குறைந்தது ஐந்து வாரம் முன்பே நடக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும், நடைமுறையில் மூன்று வாரம் இருந்தால் நல்லது. சிடி உரிமம் எங்களுக்கு இரண்டு நாளில் வந்தது. அச்சுக்கு மூன்று வாரம். புது வரிக்கோ மொழிபெயர்ப்புக்கோ அனுமதி கேட்கிறீர்கள் என்றால் வெளியீட்டுத் தேதியே குறிக்காதீர்கள். கடிதம் கைக்கு வந்தபின் குறியுங்கள்.

மொத்தச் செலவில் காகிதம் தின்றது கொஞ்சம்தான். ஸ்டுடியோ மணிக்கு 60 டாலர் வீதம், திரும்பிப் போனதையும் சேர்த்து 13 மணி நேரம், 780. மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் 430. வெளிக் கலைஞர்கள் 300. சிடி அச்சு 450 சொச்சம். உரிமம், டிஸ்ட்ரிபியூட்டர், அரசுப் பதிவு மூன்றும் சேர்ந்து 150ஐத் தாண்டவில்லை.

8. வெளியான பிறகு இரண்டு பதிவு

ஒன்று, பதிப்புரிமை அலுவலகத்தில் ஒலிப்பதிவுக்கான பதிவு. இணையத்தில் 65 டாலர். ஒலிப்பதிவுக்கு மட்டும் உரிமை கோருங்கள், இசையும் வரிகளும் ஏற்கெனவே இருந்தவை என்று அதற்கான கட்டத்தில் விலக்குங்கள். சான்றிதழ் வர மாதங்கள் ஆகும். ஆனால் பதிவு, விண்ணப்பம் முறையாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு.

மற்றது சவுண்ட் எக்ஸ்சேஞ்ச். இணைய வானொலியிலும் செயற்கைக்கோள் வானொலியிலும் உங்கள் பதிவு ஒலித்தால் வரும் பணம் இவர்கள் வழியாகத்தான் வரும். அதில் 50 சதவீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞர்களுக்கு, 5 துணைக் கலைஞர்களுக்கு. பதிவு இலவசம். டிஸ்ட்ரிபியூட்டர் இதை வாங்கித் தருவார் என்று நினைத்துச் சும்மா இருப்பவர்கள் நிறைய. உரிமையாளர் கணக்கு ஒன்று, கலைஞர் கணக்கு ஒன்று என இரண்டையும் திறக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தேன்.

அடுத்து 'சபோர் அ மி'யைக் கையில் எடுத்திருக்கிறோம். டிம்பாலெஸ்காரர் ஏற்கெனவே இரண்டு வரி எழுதிவிட்டார்.